இரண்டு கிலோவுக்கு மேல்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஏழு வரிகள். குனியக் கூடாது, உடம்பை முறுக்கித் திரும்பக் கூடாது, காயக்கட்டின் மேல் தண்ணீர் படக் கூடாது என்று போகும். சொன்னதைச் செய்கிற பெண் என்று சின்ன வயதிலிருந்தே பெயர் வாங்கியவள் நான். எல்லாவற்றையும் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான்காவது வரியில் நின்றுவிட்டேன். மூன்று மாதத்துக்கு இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது.

நான் மலையில் ஒரு அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை ஊர்க் குழந்தைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து எழுதுவேன். என் பதிவேட்டில் இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தை ஒன்றுகூட இல்லை. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நானே அவளைத் தராசில் போட்டேன். எட்டு கிலோ இருநூறு கிராம். அவளுடைய வளர்ச்சி அட்டையில் பச்சைப் பகுதிக்குள் புள்ளி வைத்துவிட்டு, பென்சிலைக் கீழே வைக்கும்போது, திரும்பி வந்து அடுத்த புள்ளியையும் நானே வைப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

இடுப்பு வலி, அவள் என் வயிற்றுக்குள் இருந்தபோதே வந்தது. கர்ப்பத்தில் இடுப்பு வலிக்காதவர்கள் யார் என்று நானும் பேசாமல் இருந்தேன். பிரசவமாகியும் போகவில்லை. இடது காலில் இறங்கியது. ஒருநாள் அங்கன்வாடிக்குப் போய்ச் சேர்ந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கால் அதை உணரவே இல்லை. அதன்பிறகுதான் என் கணவர் போளூருக்கு அழைத்துப் போனார், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

டாக்டர் அம்மா ஸ்கேன் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி எனக்குக் காட்டினார். முதுகெலும்புக்கு நடுவில் ஒரு உறை இருக்கிறது, அதற்குள் தெளிந்த நீர், அந்த நீரில் நரம்புகள் குதிரைவால் முடி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கின்றன என்றார். அதில் ஒரு நரம்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி. புற்று மாதிரி தெரியவில்லை, ஆனால் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. பின்பக்க எலும்பைக் கொஞ்சம் எடுத்து வழி செய்து, உறையைக் கீறி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே கட்டியை நரம்பிலிருந்து பிரிக்க வேண்டும். இடையிடையே சின்னதாக மின்சாரம் கொடுத்து, காலுக்குப் போகிற நரம்பு எது என்று தெரிந்துகொண்டுதான் வெட்டுவார்கள். கடைசியில் உறையை முடியைவிட மெல்லிய நூலால் தைத்து மூட வேண்டும்.

"எடுக்கறதைவிட மூடறதுதான் எனக்குப் பயம்" என்றார் அவர். "உள்ள இருக்கற தண்ணி ஒரு சொட்டுகூட வெளிய வரக் கூடாது. வந்தா கிருமி உள்ள போகும், மூளை வரைக்கும் போகும்."

கால் பலவீனமாகலாம், சிறுநீர் போவது சிரமமாகலாம் என்று மற்ற ஆபத்துகளையும் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குழந்தையை எத்தனை நாள் விட்டிருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பத்து நாள் என்றார். கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பத்து நாளும் பால் கட்டிக்கொண்டது. மகளை மலையில் அத்தையிடம் விட்டிருந்தோம். அத்தை என்றால் என் மாமியார். துணைக்கு வந்திருந்த என் அம்மா கையைப் பிடித்துக்கொள்ள, குளியலறைத் தொட்டியில் பாலைப் பிழிந்து ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். வீட்டில் போன் எடுக்காது. சிக்னலுக்காக என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு சாலை வளைவு வரை நடந்து வந்து வீடியோவில் கூப்பிடுவார். அவள் என் முகத்தைப் பார்த்ததும் போனை வாய்க்குள் வைக்கப் பார்ப்பாள். திரை முழுக்க இருட்டாகி, அவள் மூச்சு மட்டும் கேட்கும். அவர் பிடுங்கித் துடைத்துவிட்டு, சாப்பிட்டியா என்று கேட்பார். துடைத்திருக்க வேண்டாம், இன்னும் கொஞ்சநேரம் வைத்திருந்திருக்கலாம் என்று எனக்கு இருக்கும்.

பக்கத்துப் படுக்கையில் வாணியம்பாடி அக்கா ஒருவர் இருந்தார். அவருக்கு மூளையில் ஆபரேஷன். கட்டியை எடுத்த இடம் பேச்சுக்கு உரிய இடத்தின் ஓரம் என்பதால், வார்த்தைகள் மாறிமாறி வந்தன. வீக்கம் வடிந்தால் சரியாகும் என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர் வேண்டும்போது சாவி கேட்பார். தப்பு என்று அவருக்கே தெரியும், கேட்டுவிட்டுச் சிரிப்பார். அவர் தலையிலும் என் முதுகிலும் தையலுக்குப் பதில் ஒரே மாதிரி உலோகப் பின் வரிசையாக அடித்திருந்தது.

"உனக்கு முதுகுல ஜிப்பு, எனக்கு மண்டைல ஜிப்பு" என்றார் ஒருநாள், ஒரு வார்த்தைகூடப் பிசகாமல். "தொறந்து பார்த்துட்டு உள்ள ஒண்ணும் இல்லன்னு மூடிட்டாங்க தங்கச்சி."

பத்தாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பின்களை எடுக்க அடுத்த வாரம் வர வேண்டும், அதுவரை கட்டைப் பிரிக்க வேண்டாம் என்றார்கள். பஸ்ஸில் உட்கார முடியாது என்று போளூரிலிருந்து ஜீப் பிடித்து, பின்சீட்டில் படுத்தபடி மலை ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் முதுகைவிட மனம்தான் முன்னால் போய் விழுந்தது.

வீட்டில் என் கணவர் தாளைப் படித்துக் காட்டினார். ரெண்டு கிலோன்னா எவ்ளோ என்று அத்தை கேட்டார். சாமையில் ஒன்றரைப் படி வரும் என்றேன். அவர் போய் ஒன்றரைப் படி சாமையை அளந்து மஞ்சள் பையில் போட்டு, சுவரில் ஆணியில் மாட்டினார்.

"எதைத் தொடறதுக்கு முன்னையும் இதைத் தூக்கிப் பார்த்துக்கோ. இதைவிட கனம்னா என்னைக் கூப்புடு."

தூக்கிப் பார்த்தேன். கையில் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது.

என் மகள் முதல்நாள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். இரண்டாம் நாள் பால் குடித்தாள். நான் ஒருக்களித்துப் படுத்துக்கொள்ள, அத்தை அவளைக் கொண்டுவந்து பக்கத்தில் கிடத்துவார். குடித்து முடித்ததும் எடுத்துப் போய்விடுவார். அதற்கு மேல் எனக்கு அவளில்லை. கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கி என்னைப் பார்ப்பாள். தூக்கு என்பதற்கு அவளிடம் வேறு சொல் இல்லை. நான் கட்டிலில் இருந்தபடி வா வா என்பேன். அவள் கையை இறக்காமல் நிற்பாள். விரல்கள் மூடி மூடித் திறக்கும். பிறகு அத்தை வந்து தூக்குவார். அத்தையின் தோளுக்கு மேலிருந்து என்னைப் பார்க்கும் அந்த முகத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. கோபம் இல்லை. ஏன் என்று கேட்கிற முகம்.

வந்து நான்காம் நாள் அத்தை புளி உலுக்கப் போயிருந்தார். மகள் தூளியில் தூங்குகிறாள், எழுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என் கணவரும் மரத்தின்மேல். அவள் சீக்கிரம் எழுந்துவிட்டாள். அழவில்லை. தூளியின் துணியை விலக்கி எட்டிப் பார்த்தாள், என்னைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள்.

அவள் விழுந்துவிடுவாள் என்று தூக்கினேன் என்றுதான் பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். அது உண்மை இல்லை. தூளி ஆழமானது, தரையிலிருந்து ஒரு முழம்கூட இருக்காது. தூக்க வேண்டும்போல இருந்தது, தூக்கினேன். அவள் தலையை என் கழுத்தில் வைத்துக்கொண்டாள். தூக்க வெதுவெதுப்பும் தூளித் துணி வாசமுமாக இருந்தாள். ஜன்னல் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், பாயில் இறக்கிவிட்டேன். அவ்வளவுதான். முதுகு வலிக்கக்கூட இல்லை.

மறுநாள் காலை ரவிக்கையின் பின்பக்கம் ஈரமாக இருந்தது.

பால் என்று நினைத்தேன். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுக்கிறவர்களுக்குத் தெரியும், பால் வழிந்து விரிப்புக்குப் போய் முதுகுப் பக்கம் வரை நனைத்துவிடும். பத்து நாள் கட்டிக் கிடந்த பால், இப்போது பெருகுகிறது, அதனால்தான் இவ்வளவு ஈரம் என்று காரணமும் கண்டுபிடித்தேன். அன்றே தலைவலியும் வந்தது. உட்கார்ந்தால் பிடரியிலிருந்து ஏறும். படுத்தால் ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். மலைக்குளிர் என்றேன். அத்தை சுக்குக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டுப் படுத்தேன், சரியானது. சுக்குக் காப்பிக்குத்தான் கேட்டது என்று நம்பினேன்.

தாளின் ஆறாவது வரி எனக்கு மனப்பாடம். கட்டு நனைந்தாலோ, உட்காரும்போது தலைவலி வந்தாலோ உடனே படுத்த நிலையில் வரவும். இரண்டும் எனக்கு இருந்தது. படித்தவள் நான், ஊர்ப் பெண்களுக்குத் தடுப்பூசி அட்டையை வரிவரியாகப் படித்துக் காட்டுகிறவள். பாலால் நனைந்தால் அது நனைந்த கணக்கில் வருமா என்று எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த காரணம் வேறு. திரும்பப் போனால் அவளை மறுபடி விட்டுப் போக வேண்டும். இப்போதுதான் பால் குடிக்க வந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் அத்தை குழாயடியிலிருந்து என் ரவிக்கையோடு வந்தார். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் விரித்து என் முன்னால் போட்டார்.

"இன்னா இது?"

"பால் அத்த. படுத்துக் குடுக்கறேன் இல்ல, வழிஞ்சுடுது."

"முன்னாடி இருக்கறது பாலு. காஞ்சதும் மொடமொடன்னு ஆயிடுச்சு, புளிச்ச நாத்தம் வருது. பின்னாடி தொட்டுப் பாரு. மெத்துன்னு இருக்குது. ஒரு நாத்தமும் இல்ல. மூணு நாளா இதைத்தான் தொவைக்கிறேன். இது தண்ணி."

தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

தலை வலிக்குதா என்று கேட்டார். உட்கார்ந்தா மட்டும் என்றேன். அத்தை உடனே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மகனைக் கூப்பிடப் போனார். அரைமணியில் ஜீப் வந்தது. மகளுக்கு வண்டி என்றால் ஆசை. என்னைப் படுக்க வைத்து ஏற்றும்போது அவளும் ஏற வேண்டும் என்று இரண்டு கையையும் தூக்கினாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

டாக்டர் அம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். காயத்தின் கீழ்முனையிலிருந்து பனித்துளி மாதிரி நீர் வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் தோலை மறுபடி தைத்தார்கள். முதுகில் வேறு இடத்தில் ஒரு மெல்லிய குழாய் வைத்து, அந்த நீரைப் பைக்குத் திருப்பினார்கள். வழி மாறிப் போனால் ஓட்டைக்கு அழுத்தம் குறையும், தானாக ஒட்டிக்கொள்ளும் என்றார். ஒட்டாவிட்டால் மறுபடி திறக்க வேண்டும். கிருமி இருக்கிறதா என்று நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நான் மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும். பையை உயர்த்தினால் நீர் இறங்காது, தாழ்த்தினால் அதிகம் இறங்கித் தலை பிளக்கும். நர்ஸ் மணிக்கு ஒருதரம் வந்து அளந்து எழுதுவார். கிணற்றுத் தண்ணீரைவிடத் தெளிவாக இருந்தது அது. என் உடம்புக்குள் அவ்வளவு சுத்தமான ஒன்று இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குழந்தையைத் தூக்கினேன், மறுநாள்தான் ஈரம் வந்தது, என்னால்தானா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. அதனால் இருக்கலாம் என்றார். இருமினாலும் வரும், முக்கினாலும் வரும், ஒன்றுமே செய்யாமல் படுத்திருந்தவர்களுக்கும் வந்திருக்கிறது, தான் போட்ட தையலாகவும் இருக்கலாம் என்றார். "இதுக்குப் பதில் கிடைக்காதும்மா. ஆனா மூணு நாள் தாமதிச்சது உங்க தப்பு. அதை மட்டும் வெச்சுக்குங்க."

அதை வைத்துக்கொண்டேன். தூக்கினேன் என்கிற இன்னொன்றையும் விடவில்லை.

கிருமி இல்லை என்று முடிவு வந்த அன்று, வாணியம்பாடி அக்கா வார்டுக்கு வந்தார். மறுபரிசோதனைக்கு வந்தவர், நான் திரும்பி வந்திருப்பதைக் கேள்விப்பட்டு ஏறி வந்திருந்தார். தலைமுக்காட்டுக்குள் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. பேச்சு பெரும்பாலும் நேராகிவிட்டது. ஜிப்பு பிச்சுக்கிச்சா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். பால் வற்றிக்கொண்டிருந்தது. பிழிந்தாலும் வரவில்லை. என் மகள் இனி என்னிடம் வரமாட்டாள் என்று சொன்னேன். அவர் பையில் சொட்டும் நீரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வூட்டுக்குப் போயும் ஒரு வாரம் நான் சாவி சாவின்னுதான் கேட்டேன். என் சின்னப் பொண்ணு தண்ணி கொண்டாந்து குடுத்தா. பெரியவங்கதான் சாவியைத் தேடினாங்க. உன் பச்சா, அந்தச் சின்னப் புள்ளயும் கண்டுபிடிச்சுக்கும், போ."

குழாயை எடுத்த பிறகும் ஈரம் வரவில்லை. மறுபடி திறக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தேன். நினைத்தது மாதிரியே, மகளுக்கு நெஞ்சில் வாய் வைக்கத் தெரியவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். ராகிக் கூழ் குடிக்கப் பழகியிருந்தாள். அதைவிடப் பெரிதாக ஒன்று. என்னிடம் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். அத்தையிடம் தூக்குவாள், அப்பாவிடம் தூக்குவாள், குடம் எடுத்து வருகிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்கூடத் தூக்குவாள். என்னைப் பார்த்தால் மட்டும் கைகள் பக்கவாட்டில் கிடக்கும். கேட்டுக் கிடைக்காத இடத்தில் கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்டிருந்தாள்.

ஒரு மதியம் அத்தையிடம் சொன்னேன். அவர் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நீங்க புளி உலுக்கப் போன அன்னைக்குப் பாப்பாவைத் தூக்கிட்டேன் அத்த, அதனாலதான் எல்லாம் என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"தூளில போட்டுட்டுப் போன புள்ள, வந்து பார்த்தா பாய்ல ஒக்காந்து இருக்குது. பறந்தா வந்துச்சு?" கொட்டையைக் கூடையில் போட்டார். "அதனாலதான் தெனம் உன் துணியைப் பார்த்துப் பார்த்துத் தொவைச்சேன். கேட்டா இல்லம்பே. படிச்சவ, எதுக்கும் ஒரு பதில் வெச்சிருப்பே."

என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதிலாக அன்று சாயங்காலம் அடுப்படியில் தான் உட்காரும் அரை முழ உயர மணைக்கட்டையைக் கொண்டுவந்து என் கட்டிலோரம் போட்டார். மகளின் காலை அதன்மேல் வைத்து, கட்டில் சட்டத்தைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவள் ஒரு கால், இன்னொரு கால் என்று ஏறி, வயிற்றால் இழுத்து, கட்டிலுக்கு வந்துசேர்ந்தாள். அங்கிருந்து என் மடிக்கு. தூக்காமலே வந்தாள். என் முகத்தைத் தடவி, மூக்குத்தியை இழுத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். நான் எங்கே உட்கார்ந்தாலும் மணையைத் தரையில் தேய்த்துக்கொண்டு இழுத்து வருவாள். அந்தச் சத்தம் கேட்டால் நான் நிமிர்ந்து மடியை ஒழுங்கு செய்துகொள்வேன். நடக்கவும் அந்த மணையைத் தள்ளிக்கொண்டுதான் பழகினாள். அவள் முதல் அடி வைத்ததை நான் பார்த்தேன், ஓடிப்போய் வாரி எடுக்கவில்லை. கட்டிலில் இருந்தபடி கைதட்டினேன்.

மூன்று மாதம் என்றது அந்தக் கசிவால் நான்கரை ஆனது. கடைசிப் பரிசோதனையில் டாக்டர் அம்மா என் பாதத்தை மேலே தூக்கச் சொல்லி, தன் கையால் அழுத்திப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அது அப்படியே இருக்கலாம் என்றார். இனித் தூக்கலாம், ஆனால் தரையிலிருந்து குனிந்து தூக்காதீர்கள், உயரமான இடத்திலிருந்து, உடம்போடு அணைத்து, முழங்காலை மடக்கி என்று பிஸியோதெரபி செய்கிற பெண் செய்து காட்டினாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அதையே மனதுக்குள் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பத்து கிலோவைத் தொட்டிருப்பாள். அந்தப் புள்ளியை வேறு யாரோ வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவளைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்தாள். நான் நின்றபடி இரண்டு கையையும் நீட்டினேன். ஆபரேஷனுக்கு முன்பு அவளும் நானும் செய்கிற மாதிரியே.

அவள் என் கைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பி அடுப்படிக்குள் போனாள். தேய்க்கும் சத்தம் கேட்டது. மணையைக் கட்டிலோரம் கொண்டுவந்து போட்டு, அதன்மேல் ஏறி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நான் வந்து உட்காருவதற்காகக் காத்திருந்தாள்.

நீட்டிய கையை இறக்கினேன். போய்த் தூக்கிவிடலாம்தான், மணை போதுமான உயரம். ஆனால் அவள் எனக்காக அதை இழுத்து வந்திருக்கிறாள். போய் உட்கார்ந்தேன். அவள் வழக்கம்போல ஏறி மடிக்கு வந்தாள். அவளை நெஞ்சோடு அணைத்து, ஒரு கையை அடியில் கொடுத்து, காலை ஊன்றி மெதுவாக எழுந்தேன்.

தரை கீழே போனதும் அவள் திடுக்கிட்டு என் தாலிச் சரடைப் பிடித்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள், கீழே மணையைப் பார்த்தாள், மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். கனத்தாள். சாமைப் பையைப் போல ஐந்து பங்கு. ஜன்னல் வரை நடந்தேன்.

அத்தை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "போதும், ஒக்காரு" என்றார். நான் உட்கார்ந்தேன். அவர் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து, சாமையை முறத்தில் கொட்டி, அந்த வேளைச் சோற்றுக்குப் புடைக்க ஆரம்பித்தார்.

மகள் மடியில் இருந்து இறங்கி, மணையை மறுபடி நேராக்கி வைத்தாள்.